ஸ்ரீரங்கன் சாரின் அடுக்குக் காசித்தும்பை

பூவைக் காட்டுவார்கள், விதையைத் தரமாட்டார்கள். இப்படி ஓர் இனம் நம் தாம்பரம் பக்கத்துக் காலனிகளில் தெருவுக்கு ஒருவராவது உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். கேட் திறக்கும் சத்தம் கேட்டாலே ஓடிவந்து, உங்களைத் தொட்டி தொட்டியாய் இழுத்துப்போய், செம்மண் எவ்வளவு, எரு எவ்வளவு, பெங்களூரிலிருந்து மைத்துனர் விதையை எப்படிப் பொத்திப் பொத்திக் கொண்டுவந்தார் என்றெல்லாம் காபி ஆறிப்போகும்வரை அளப்பார்கள். 'எனக்கு ரெண்டு விதை' என்று வாயெடுத்தீர்களோ, போச்சு! முகம் சுருங்கிவிடும்.

மேற்குத் தாம்பரம் ஸ்ரீரங்கன் சார் இந்த இனத்தின் திலகம். எண்பத்தேழில் அந்தத் தெருவில் அடுக்குக் காசித்தும்பை அவரிடம் மட்டும்தான் இருந்தது. இளஞ்சிவப்பில், குட்டி ரோஜா மாதிரி. அந்த 'மட்டும்' போய்விட்டால் தம் மதிப்பே போய்விடும் என்று நினைத்தார், பாவம்.

வேலிக்கு அந்தப் பக்கம் கிளியம்மாள் வீடு. பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்பாள்.

"நாலு வெதை குட்த்தா இன்னா சார்? பூவு கொறைஞ்சிடுமா?"

"இன்னும் முத்தலைம்மா. நெக்ஸ்ட் வீக் பார்க்கலாம்."

அந்த நெக்ஸ்ட் வீக் எந்தக் காலண்டரிலும் வரவில்லை.

காய் முற்றியது. இவள் வேலிக்குள் கைவிட்டுப் பறித்துவிட்டால்? மனுஷர் ஆபீசுக்கு லீவு போட்டார். மனைவியின் பழைய புடவையைக் கிழித்தார். ஒவ்வொரு காய்க்கும் துணி கட்ட உட்கார்ந்தார். முற்றிய காசித்தும்பைக் காயைத் தொட்டால் சும்மா இருக்குமா? பட்! வெடித்து, விதையெல்லாம் வேலி தாண்டித் தெறித்தது. 'ஐயையோ' என்று அடுத்ததைப் பிடித்தார். பட்! பதறிப்போய், மிச்சமிருந்த பச்சைக் காய்களையெல்லாம் கொய்து, காயவைத்து, டப்பாவில் போட்டுப் பீரோவில் பூட்டினார்.

அடுத்த ஆடியில் விதைத்தார். பிஞ்சில் பறித்தது முளைக்குமா? தொட்டிகள் மொட்டையாக நின்றன. வேலிக்கு அந்தப் பக்கமோ, பாத்திரம் துலக்கிய தண்ணீரிலேயே கொழுகொழுவென்று அடுக்குக் காசித்தும்பை! ஸ்ரீரங்கன் சாருக்கு வயிறு பற்றி எரிந்தது. அவளிடம் போய் விதை கேட்க வாய் வருமா?

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர் ஏகநாதன் வந்தார். நம்மவர் அவரை வேலியோரம் நிறுத்தி, "எல்லாம் நான் குடுத்த விதைதான் சார். நாலு பேருக்குக் குடுத்தாத்தானே செடி நிலைக்கும்?" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

கிளியம்மாள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"மெய்தான் சார். அவரு கைதான் குட்த்துச்சு. மன்சு குட்க்கல."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் எதிர்வீட்டு அம்மாள் கறிவேப்பிலைக் கன்று கேட்டபோது, 'அது இன்னும் வேர் பிடிக்கலைங்க' என்று சொல்லி அனுப்பியது யார்?