மேனிநாட்டின் கைகாட்டிகள்

சிலம்பாயிக்குத் தோள்பட்டை இற்றுப்போயிருந்தது. மேனிநாட்டில் தலைநகரிலிருந்து அரசாணை கம்பிவழியேதான் போகும். கம்பிக்குக் கொழுப்புத்துணி சுற்றுவது அவள் பிழைப்பு. சுற்று கலைந்தால் ஆணை நடுவழியிலேயே நீர்த்துப்போகும்; அவள் பிறந்த இடக்கால்சீமை தள்ளாடும்.

இப்போது சுற்றைக் கலைத்தது வேறு யாருமில்லை, நாட்டின் காவல்படை. முன்பு புகுந்த திருடன் ஒருவன் அதே சாயலில் துணி உடுத்தியிருந்தானாம். படையில் கைகாட்டிகள் என்ற பிரிவினர் துணியைப் பார்த்து விரல் நீட்டுவார்கள். வாள்காரர்கள் பாய்ந்து கிழிப்பார்கள்.

"அது நம்ம கம்பிய்யா," என்றாள் சிலம்பாயி.

"எதிரி எப்போதும் நம்மைப் போலவே தோற்றமளிப்பான்," என்றார் தளபதி வீரகேது.

இடக்கால்சீமை தள்ளாடியது. அமைச்சரவை கூடி, தள்ளாட்டமே எதிரி ஊடுருவியதற்குச் சான்று என்று தீர்மானித்துப் படையை இரட்டிப்பாக்கியது. அடுத்து வலக்கண் மங்கியது. மங்கிய கண்ணுக்கு எதிரிகள் இன்னும் அதிகமாகத் தெரிந்தார்கள். மேலும் ஆள் சேர்த்தார்கள்.

வேறு வழியில்லாமல் வெளியூர் வைத்தியச்சியை அழைத்தார்கள்.

"வாள்காரன் இருக்கட்டும். விரல் நீட்டுறவன வீட்டுக்கு அனுப்புங்க," என்றாள் அவள்.

"அவர்கள் வெறுங்கையினர். ஒரு நூலைக்கூட அறுத்ததில்லை," என்றார் தளபதி.

"அதனாலதான் இத்தன நாளா யாரும் அவங்கள கேள்வி கேக்கல."

தன் இடக்காலையே தூக்க முடியாத மன்னர் கையெழுத்திட்டார். கைகாட்டிகள் போனார்கள். யாரை வெட்டுவது என்று தெரியாத வாள்காரன் ஒருவன் கம்பியடியில் உட்கார்ந்து சிலம்பாயியிடம் வெற்றிலை கேட்டான்.

"சளி, காய்ச்சல்னு சில்லறைத் திருடனுங்க இனி லேசா உள்ள வருவானுங்க. பாத்துக்கணும்," என்றாள் வைத்தியச்சி. "எலும்புக்குள்ள புதுக் கைகாட்டிங்க முளைச்சிட்டே இருப்பாங்க. அப்பப்ப அனுப்பிட்டே இருக்கணும்."

கிழிப்பு நின்றதை வெற்றி என்று அறிவித்துத் தளபதிக்குப் பதக்கம் கொடுத்தார்கள். விழா இடக்கால்சீமையில் நடந்தது. நாட்டுப்பண் ஒலித்தபோது சீமை எழுந்து நிற்கவில்லை. அவமதிப்பு வழக்குப் போட்டார்கள்.

"நிக்கச் சொன்ன ஆணையே அங்க போய்ச் சேரலய்யா," என்றாள் சிலம்பாயி.

"அதை விசாரணையில் சொல்," என்றார் அதிகாரி.

அவள் கம்பிக்குத் திரும்பினாள். சில இடங்களில் மெல்லிசாகச் சுற்ற முடிந்தது. பல இடங்களில் துணி ஒட்டவேயில்லை. கிழித்த சுற்றை நாடு இடக்கால்சீமைக்கு இன்னும் திருப்பித் தரவில்லை.