டிட்டா அண்ணனும் தகரப் பந்தலும்

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஆட்டுக்கழுத்து மணியைக் கண்டு நடுங்கிய ஒரே அரசாங்க ஊழியர் எங்கள் டிட்டா அண்ணன்தான்.

ஆலங்குடி தாண்டி ஒரு பொட்டலில் இருந்தது எங்கள் நிலையம். மேலே போகும் விமானங்களுக்கு ரேடியோ அலையால் திசை சொல்வது அதன் வேலை. நடுநடுவே தன் அடையாளத்தையும் ‘டிட் டா’ என்று ஒலிக்கும்.

“அந்தச் சத்தம் வரலேன்னா பைலட் நம்மள நம்பக் கூடாது தம்பி. அதான் ரூலு” என்பார் அண்ணன். அவரும் அதே தாளத்தில்தான் கதவைத் தட்டுவார், கழிப்பறைக் கதவு உட்பட. போனில்கூட நகத்தால் தட்டிவிட்டுத்தான் பேச்சு.

தகரம் மாதிரி உலோகத்தில் பட்ட அலை திரும்பி வந்து திசையைக் கெடுக்கும். உண்மைதான். அதற்காக என் டிபன் பாக்ஸை வாசலிலேயே பறிமுதல் செய்வதா? ஒருநாள் வேலியோரம் மேய்ந்த ஆடுகளின் மணிகளையும் கழற்றிவிட்டார். ஆடுகள் திசைக்கொன்றாகப் போய்விட்டன.

“ஏரோப்ளேனுக்கு வழி சொல்றீங்க, சரி. என் ஆட்டுக்கு யாரு சொல்றது?” என்று வந்து நின்றார் ஆட்டுக்காரர் கருப்பையா.

“செக்கிங் முடியட்டுங்க, தாரேன்.”

சோதனை விமானம் வந்து, சுற்றி, எங்கள் அலையை அளப்பதுதான் செக்கிங். இந்த முறை தோற்றால் நிலையத்தையே மூடிவிடுவார்கள் என்று பேச்சு. மூடினால் அண்ணனுக்கு அஸ்ஸாம். பதினாறு வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டு, ஆலங்குடியில் டீச்சராக இருக்கும் மனைவியோடு அப்போதுதான் ஒரே வீட்டில் இருக்கத் தொடங்கியிருந்தார், பாவம்.

விமானம் வந்தது. மூன்றாவது சுற்றில், கிழக்கே திசை காட்டும் முள் ஆடுகிறது என்று ரேடியோவில் சொன்னார் பைலட். இன்னும் ஒரே சுற்றுதான் வருவாராம். வெளியே ஓடினோம். கிழக்கு வேலியை ஒட்டிப் பளபளவென்று தகரப் பந்தல். கருப்பையாவின் பேத்திக்குக் காதுகுத்து. அதற்கான பத்திரிகை ஒரு வாரமாக அண்ணன் மேஜையில்தான் கிடந்தது. மணியைக் கேட்டு வந்த புகார்க் கடிதம் என்று நினைத்து அவர் உறையைப் பிரிக்கவே இல்லை.

“அண்ணே, பந்தலப் பிரிக்கணும். அஞ்சு நிமிசந்தான்” என்று கருப்பையாவிடம் கெஞ்சினார் டிட்டா அண்ணன்.

“மொதல்ல மணி, இப்பப் பந்தலா?”

அண்ணனுக்கு நாக்குக் குழறியது. “ஏம் பொண்டாட்டி கூட இப்பத்தாங்க ஒண்ணா இருக்கேன்.”

பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கருப்பையா தோள் துண்டை உதறினார். “ஏப்பா, சோத்தப் பெறகு திங்கலாம். எந்திரிங்க எல்லாரும்.”

கயிற்றில் கட்டிய வாடகைத் தகரங்கள்தான். சாம்பார் கையோடு அவிழ்த்துத் தரையில் படுக்கப் போட்டார்கள். குழந்தைகளுக்குப் பெண்கள் முந்தானையால் நிழல் பிடித்தார்கள். விமானம் எங்கள் தலைக்கு மேலே போனது. முள் அசையவில்லை என்று செய்தி வந்தபோது நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். காது குத்திய குழந்தை வீறிட்டது. கூடவே அண்ணனும் அழுதார். பிறகு மணிகளை எடுத்துவந்து ஒவ்வோர் ஆட்டுக்கும் அவரே கட்டிவிட்டுத்தான் பந்தியில் உட்கார்ந்தார்.

இப்போது நான் வேறு ஊரில். அவர் ரிட்டயராகி ஆலங்குடியில். ஞாயிறுதோறும் போன் செய்வார். போன வாரம் தட்டாமலே “தம்பி” என்றார். பதறிப்போய் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல தம்பி, நகம் வெட்டிட்டேன்.”

விரல் கணுவாலாவது தட்டச் சொல்லி, அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.