தனி மேசைச் சாப்பாடு

தயாபரனுக்கு முன்னால் இரண்டு பருப்புக் கறி இருந்தது. ஒன்று மனைவி விஜயலெட்சுமி வைத்தது. மற்றது மகள் லோஷினி வைத்தது. எதில் முதலில் கை வைப்பது என்று தெரியாமல் அவர் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அப்பாவுக்கு என் பருப்புத்தான் பழக்கம்," என்றாள் லோஷினி, சுவரைப் பார்த்து.

"கல்யாணமான புதுசுல என் பருப்புக்காகவே வேலைக்கு லேட்டா போனவரு இவரு," என்றாள் விஜயலெட்சுமி, அடுப்பைப் பார்த்து.

தயாபரன் இரண்டையும் ஒன்றாக ஊற்றிப் பிசைந்தார். "ரெண்டும் சேந்தா இன்னும் நல்லாருக்கு," என்றார். அன்று மாலை வரை இரண்டு பேரும் அவரோடு பேசவில்லை.

லோஷினி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் விஜயலெட்சுமி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். இப்போதுதான் ஒரேயடியாகத் திரும்பி வந்திருக்கிறாள். இடைப்பட்ட வருடங்களில் லோஷினி வளர்ந்து, தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சராகி, தொழிலாளர் லயத்து வீட்டுச் சமையலறையையும் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டாள். சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை வந்தால்கூடத் தீர்த்துவிடலாம். இங்கே மரியாதைதான் பிரச்சினையாக இருந்தது.

"நீங்க இருங்கம்மா, நான் செய்றேன்."

"பரவால்ல, நீ போய் ஒக்காரு. நான் இருக்கேன்ல."

கொழுந்து ஏற்றும் லொறியைக் கொஸ்லந்தை வளைவுகளில் அலட்சியமாக ஓட்டுகிற தயாபரனுக்கு, இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மட்டும் எப்படித் திருப்புவது என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். இரண்டு பேர் கையிலும் கரண்டி இல்லாத ஓர் இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும்.

பண்டாரவளைப் பக்கம் புதிதாக ஒரு கேளிக்கைப் பூங்கா திறந்திருந்தார்கள். ராட்டினம், நீர்ச்சறுக்கு, சீமெந்து டைனோசர், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு ஹோட்டல். தயாபரன் ஹோட்டலுக்கு ஃபோனில் கோல் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புஃபே இருக்கிறது, வேண்டியதை வேண்டிய மட்டும் எடுத்துச் சாப்பிடலாம் என்று ஒரு பெண் சொன்னாள். அவர் மூன்று பேருக்கு இடம் சொல்லி வைத்தார்.

பெரகலையில் பஸ் மாறி அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பூங்கா முழுக்க மூடுபனி. பெரிய ராட்டினத்தின் மேல்பாதியைக் காணவில்லை.

"ஏறுவமா?" என்றார் தயாபரன்.

"மேல போனா பனிதான் தெரியும். அது நம்ம லயத்து வாசல்லயே தெரியுதே," என்றாள் விஜயலெட்சுமி.

நேரே சாப்பிடப் போனார்கள். வாசலில் கோட்டுப் போட்ட ஒருவர் நின்றிருந்தார். நெஞ்சில் குத்தியிருந்த அட்டையில் 'புவாத், மனேஜர்' என்று எழுதியிருந்தது.

"கொஸ்லந்தயிலருந்தா வர்றீங்க?"

"ஆமாங்க. மூணு பேருக்கு..."

தயாபரன் முடிக்கும் முன்பே மனேஜர் அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "வாங்க ஐயா, வாங்க. எங்க இன்னும் காணலயேன்னு பாத்துக்கிட்டே இருக்கோம். மூணு பேரு மட்டுந்தானா? பெரியவங்க யாரும் வரலியா?"

"இல்லைங்க, மூணு பேருதான்."

பொரித்த மீன், வறுத்த கோழி, பல நிறத்தில் புடிங் என்று புஃபே மேசை நீண்டு கிடந்தது. தயாபரன் அதன் பக்கம் திரும்பினார். மனேஜர் அவருடைய தோளை மெல்லத் தொட்டு அப்பால் நடத்திக்கொண்டு போனார். ஜன்னலோரம் வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. நடுவில் ரோஜாப்பூ.

"நாங்க புஃபேக்குத்தான் சொல்லியிருந்தோம்."

"ஒங்கள போயி வரிசையில நிக்க விடுவமா ஐயா? ஒங்களுக்குத் தனியா சமைக்கச் சொல்லியிருக்கோம்."

மற்ற மேசைகளில் எல்லாரையும் 'சேர்' என்றவர் தன்னை மட்டும் 'ஐயா' என்பதைத் தயாபரன் கவனித்தார். பார்த்தாயா என்பதுபோல் மனைவியைப் பார்த்தார். விஜயலெட்சுமி நாற்காலியின் நுனியில், எந்த நேரமும் எழும்பி ஓடத் தயாராக இருப்பவள்போல உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா சாஞ்சு ஒக்காரு. இன்னைக்கு ஒனக்குத்தான் மத்தவங்க கொண்டாந்து குடுக்கணும்," என்றார்.

வெள்ளைத் தொப்பி போட்ட உயரமான இளைஞன் ஒருவன் தண்ணீர்க் கூஜாவோடு வந்தான். பெயர் நிஷாந்த் என்றான். அவன் ஊற்றிய தண்ணீரில் பாதிதான் கிளாசுக்குள் போனது.

"எல்லாம் நானே சமைச்சதுங்க. நானே பரிமாறுறேன்னும் கேட்டுக்கிட்டேன்," என்று விஜயலெட்சுமியிடம் சொன்னான். லோஷினி இருந்த பக்கம் மட்டும் அவன் திரும்பவேயில்லை.

சாப்பாடு வந்தது. சோறு நடுவில் வேகவில்லை. கோழிக் கறியில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. பருப்பு அடிப்பிடித்திருந்தது.

"தம்பி, கோழியில கொஞ்சம் உப்பு கூட," என்றார் தயாபரன், தன்மையாகத்தான்.

நிஷாந்தின் முகம் வெளுத்துப் போனது. கறியை எடுத்துக்கொண்டு ஓடினான். உப்பைக் குறைக்கத் தேங்காய்ப்பாலும், தேங்காய்ப்பாலைச் சரிக்கட்டப் புளியும், புளியைச் சரிக்கட்டச் சீனியும் போட்டு அதைத் திருப்பிக் கொண்டுவந்தான். சோறு வேகவில்லை என்றதும் அதையும் எடுத்துப் போனான். திரும்பி வந்தபோது அதைக் கரண்டியால்தான் சாப்பிட முடியும் என்ற நிலையில் இருந்தது.

தயாபரன் தட்டை எடுத்துக்கொண்டு புஃபே பக்கம் எழுந்து போனார். பாதி வழியில் மனேஜர் வந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

"வேணாம் ஐயா. பையன் மனசு ஒடஞ்சு போயிருவான்."

"என் மனசு ஒடஞ்சா பரவால்லயா? ஆளு கை இப்படி நடுங்குதே, தண்ணி கிண்ணி போட்டிருக்காரா?"

மனேஜர் பதறிப்போனார். "அல்லாவே, அப்பிடி மட்டும் நெனச்சிறாதீங்க. வேலைக்குச் சேந்த நாள்லருந்து பாக்குறேன், ஒரு பீர் கூட தொட்டதில்ல. சிகரட்டும் இல்ல. வேணுமுன்னா இங்க யார வேணா கேட்டுப் பாருங்க."

கேட்காமலே சமையலறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நிஷாந்த் குடிக்க மாட்டான், சம்பளத்தை அம்மாவுக்கு அனுப்பிவிடுவான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"சமையல பத்தித்தானே நான் கேக்குறேன்," என்றார் தயாபரன்.

"மத்த நாள்ல அவன் சமையலுக்காகவே ஆளு தேடி வரும் ஐயா. இன்னைக்குப் பதட்டம். இந்த ஒரு நாள வச்சு முடிவு பண்ணிறாதீங்க."

தயாபரன் கொதித்துப்போய் மேசைக்குத் திரும்பினார். பனி மூடிய மலை, வேகாத சோறு, முகங்கொடுத்துப் பேசாத மனைவியும் மகளும். இதற்காகவா இரண்டு பஸ் ஏறி வந்தோம் என்று நினைத்தார்.

ஆனால் மேசையில் வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது. லோஷினி கறியை நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தாள்.

"சீனி போட்டிருக்காரும்மா."

விஜயலெட்சுமியும் தொட்டுப் பார்த்தாள். "சீனி மட்டுமா? மாசிக் கருவாடும் போட்டிருக்கு."

"கோழிக்கு யாரு மாசி போடுவா?"

"அவசரத்துல எந்தப் போத்தல்னு பாக்கல போல."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். விஜயலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்தினாள். லோஷினிக்கு அடக்க முடியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

தயாபரனுக்கு இன்னும் கோபம் தணியவில்லை. "எழும்புங்க ரெண்டு பேரும். நான் மொதலாளியையே பாத்து நாலு வார்த்த கேட்டுட்டு வர்றேன். ஒன்ன நல்லா சாப்புட வைக்கணும்னு கூட்டியாந்தேன் லெட்சுமி. எல்லாத்தையும் கெடுத்துட்டானுக."

"ஏங்க, ஒக்காருங்க."

அவள் அப்படிச் சொல்வது அபூர்வம். அவர் உட்கார்ந்தார்.

"அந்தக் கதவப் பாருங்க," என்றாள்.

சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடியில் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. நிஷாந்த் அவர்களுடைய தட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"குவைத்துல நானும் அப்பிடித்தான் நிப்பேன். சமைச்சு அனுப்பிட்டுக் கதவுக்குப் பின்னால நிப்பேன். தட்டு திரும்பி வரும்போது எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாப்பேன். மிச்சம் கெடந்தா அன்னைக்குத் திட்டு விழும். இல்லாட்டி ஒண்ணுமில்ல. நல்லாருக்குன்னு ஒருத்தரும் ஒரு நாளும் சொன்னதில்ல." ரோஜாப்பூவைச் சற்று நகர்த்தி வைத்தாள். "உப்பு கூடத்தான். ஆனா கரண்டி என் கையில இல்ல பாருங்க. எனக்கு அதுவே போதும்."

லோஷினியின் சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டிருந்தது. குவைத்திலிருந்து அம்மா கோல் எடுத்தபோதெல்லாம், அங்க சாப்பாடெல்லாம் நல்லாருக்காம்மா என்று இவள் கேட்பாள். நல்லாருக்கும்மா என்று அவள் சொல்லுவாள். அதற்கு மேல் இரண்டு பேருமே பேசியதில்லை.

லோஷினி தன் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். சாப்பிடத் தொடங்கினாள்.

"ஏம்மா, முடியாட்டி வையி."

"முடியும்." இரண்டு வாய் விழுங்கிவிட்டு, தட்டிலிருந்து தலை நிமிராமலே சொன்னாள். "ஒங்க பருப்பு நல்லாத்தான்மா இருக்கு. நாந்தான் சொல்லல."

விஜயலெட்சுமி மகளுடைய தட்டிலிருந்த அடிப்பிடித்த பருப்பைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டாள். "ஒன் பருப்புல புளிப்புக் கொஞ்சம் தூக்கலா இருக்கும். அதுவும் ஒரு ருசிதான். நாளைக்கு நீயே வையி."

"இல்ல, நீங்க வைங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

தயாபரன் சீனி போட்ட கோழியைச் சாப்பிட்டார். கண் கலங்கியதற்குக் காரணம் மிளகாய் என்று சொல்ல வழியில்லை, கறியில் காரமே இல்லை. கடைசியில் மூன்று தட்டுகளிலும் ஒரு பருக்கை மிச்சமில்லை.

மனேஜர் தயங்கித் தயங்கி வந்தார். தட்டுகளைப் பார்த்தார். நம்ப முடியாமல் இன்னொரு தடவை பார்த்தார்.

"மன்னிச்சுக்கங்க, கோவத்துல ஏதோ பேசிட்டேன்," என்றார் தயாபரன். "எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. பூரண திருப்தி."

"அம்மாவுக்கு?"

"ரொம்ப நல்ல புள்ள," என்றாள் விஜயலெட்சுமி. "நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"மகளுக்கும் திருப்திதானா?"

கடைசி வாயை அப்போதுதான் விழுங்கியிருந்த லோஷினி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். "எனக்கும் திருப்திதான்."

கதவுக்குப் பின்னால் கைதட்டல் கேட்டது. யாரோ ஒரு தட்டத்தைக் கீழே போட்டார்கள். வெறும் தட்டுகளுக்கு இவ்வளவு சந்தோசமா என்று தயாபரனுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு நல்ல வார்த்தைக்கு எவ்வளவு பலம் என்று நினைத்துக்கொண்டே பில் கேட்டார்.

"ஒங்ககிட்ட காசு வாங்குறதா? நல்லாருக்கு ஐயா," என்றார் மனேஜர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அதற்குள் நிஷாந்த் வெளியே வந்துவிட்டான். தொப்பியைக் கழற்றித் தலை வாரியிருந்தான். கை இப்போது நடுங்கவில்லை. அதில் ஒரு ஃபோன் இருந்தது. அதை அவன் தயாபரனிடம் பவ்வியமாக நீட்டினான்.

"மாமா, ஒங்க எல்லாருக்கும் திருப்தின்னு கல்யாணத் தரகர்கிட்ட சொல்லிட்டோம். அம்மா லைன்ல இருக்காங்க, நிச்சயத்துக்கு எப்ப கொஸ்லந்தைக்கு வரலாம்னு கேக்குறாங்க."