பல் டாக்டர் வேண்டாம், என் முதல் அடி நேராகிவிட்டது

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மனைவி, என் முதுகு ஆகிய மூவரும் ஓரளவு சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தி அம்மாளும், மாப்பிள்ளையும் என் மகளும் ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி நேரே விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் கிளப்பில் நடக்கும் ஜோடிப் போட்டிக்கு என்னைக் கழற்றிவிட்டுப் பல் டாக்டரைச் சேர்த்துக்கொள்ளும் யோசனை தங்களுக்கு இருப்பதாக அறிந்தேன். மகள்தான் போனில் சொன்னாள். "அப்பா, மாமா பல் டாக்டர்கிட்ட பேசிட்டிருந்தார். 'சம்பந்தி தங்கமான மனுஷன், முதல் அடிதான் அவர் கையில இல்ல'ன்னார். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். மனசில் வைக்காமல் பீரோவிலா வைப்பது?

தங்கள் பக்கத்து நியாயத்தை நான் மறுக்கவில்லை. குழிக்குப் பக்கத்தில் போய்விட்டால் பந்தைத் தட்டி உள்ளே தள்ளுவதில் நான் யாருக்கும் சளைத்தவனல்ல. ஆனால் ஆட்டத்தைத் துவக்கிவைக்கும் அந்தப் பெரிய தலை மட்டை இருக்கிறதே, டிரைவர், அதைக் கையில் எடுத்தால் மட்டும் எனக்குள் யாரோ புகுந்துகொள்கிறார்கள். ஒருமுறை பந்து இடப்பக்கப் புதரில், மறுமுறை வலப்பக்க மணலில், இன்னொரு முறை பந்தைத் தாங்கும் குச்சி மட்டும் பறந்தது, பந்து இருந்த இடத்திலேயே இருந்து என்னைப் பார்த்தது. போன ஆட்டத்தில் பந்து பக்கத்தில் நட்டிருந்த மரக்கட்டையில் பட்டுத் திரும்பி வந்து தங்கள் முழங்காலைப் பதம் பார்த்தது. தாங்கள் ஒற்றைக்காலில் நின்றபடி "பரவால்ல, பரவால்ல" என்றீர்கள். அந்தப் பரவாயில்லை என் தூக்கத்தைக் கெடுத்தது. அன்றைக்கே முடிவு கட்டினேன், இந்த மட்டையா நானா, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று.

கிளப் கோச்சைப் பிடித்தேன். அவர் என் வீச்சைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். "சார், பலத்த வீட்ல விட்டுட்டு வாங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி செய்யுங்க, அது போதும். பந்து இடது குதிகாலுக்கு நேரா, குச்சி எப்பவும் ஒரே உயரம், மட்டையோட நடுவுல பந்து படணும்" என்றார். மட்டையை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, பின்னால் கொண்டுபோகும்போது அவசரப்படக் கூடாது என்றும் சொன்னார். முப்பது வருஷமாகத் திரைச்சீலைக் கடை நடத்துகிறவனுக்கு இது புரியாதா? சாட்டின் துணியை இறுக்கிப் பிடித்தால் கசங்கும். திரையை வெடுக்கென்று இழுத்தால் கொக்கி கையோடு வரும். மட்டையும் அப்படித்தான் என்று என் தொழில் மூலமாகவே எனக்கு வெளிச்சம் வந்தது.

கடையின் பின்னறையில் பயிற்சியைத் தொடங்கினேன். ஒரு தியேட்டருக்காகத் தைத்து அவர்கள் வேண்டாமென்று விட்ட கனத்த வெல்வெட் திரை ஒன்று கிடந்தது. அதை மேலேயிருந்து தொங்கவிட்டு, அதன்மேல் வெள்ளைப் பருத்தித் துணியை மாட்டி, பந்தில் தையல்காரரின் நீலச் சாக்பீஸ் பொடியைத் தடவி, எதிரே நின்று அடித்தேன். மட்டையில் எங்கே பட்டது, துணியில் எங்கே போனது, இரண்டும் நீலமாகத் தெரிந்துவிடும், யாரும் ஏமாற்ற முடியாது. முதல் வீச்சிலேயே ட்யூப்லைட் போயிற்று. அடுத்த நாள் தையல்காரர் மிஷினோடு முன்னறைக்குக் குடிபெயர்ந்தார். என் மனைவி வாசலில் நின்று, "தலையக் குனிஞ்சு பந்தப் பாருங்கன்னு கோச் சொன்னா உடனே குனியறீங்க. நான் சொல்லி என்னைக்காவது குனிஞ்சிருக்கீங்களா?" என்றாள். நான் குனிந்து பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த லட்சணத்தில் ஒரு நாள் ஜன்னல் திரை வாங்க வந்த அம்மாள் ஒருவர் பின்னறைப் பக்கம் எட்டிப் பார்த்து, அந்த நீலப் புள்ளித் துணியைத் தடவி, "இந்த டிசைன் வேற எங்கயும் பாக்கலயே! நாலு ஜன்னலுக்கு வேணும். ஆனா புள்ளியெல்லாம் ஒரே வரிசையா இருக்கணும்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி ஆர்டரை எடுத்துக்கொண்டாள். அதன்பிறகு அவள் எனக்குச் செய்ததை எந்தக் கோச்சும் எந்தச் சீடனுக்கும் செய்திருக்க மாட்டார். சாக்பீஸ் பொடிக்குப் பதில் துணிச்சாயம். நான் ஒரு அடி அடிப்பேன், அவள் துணியை ஒரு சாண் நகர்த்துவாள். "மேல போயிடுச்சு. இந்தத் துணி போச்சு. மறுபடியும் அடிங்க" என்பாள். டீ குடிக்கவும் விடவில்லை. கோபத்தில் ஓங்கினால் புள்ளி கோணும், சலிப்பில் தட்டினால் புள்ளி தாழும், ஆகவே கோபம், சலிப்பு இரண்டையும் விட்டேன். நம்புங்கள் சம்பந்தி, கடைசி ஜன்னலுக்கு அடித்த புள்ளிகளை அளவுகோல் வைத்துப் பார்த்தோம். ஒன்றுகூட நூல் பிசகவில்லை. அந்த அம்மாள் இப்போது சோபா உறைக்கும் கேட்கிறார்.

இவ்வளவும் எதற்காக என்று கேட்பீர்கள். கல்யாணம் முடிந்த புதிதில் தங்கள் வீட்டு சோபாவின் இந்த முனையில் நானும் அந்த முனையில் தாங்களும் உட்கார்ந்து, "வெயில் அதிகம்", "ஆமாம், அதிகம்" என்று பேசிக்கொண்டிருந்ததை நினைத்துப் பாருங்கள். இந்த ஆட்டத்துக்கு வந்த பிறகுதான் ஒரு நாள் பாதி வழியில் தாங்கள் என்னை, "யோவ், மட்டைய எடுத்துட்டு வாய்யா" என்று கூப்பிட்டீர்கள். சம்பந்தி என்று மரியாதையாகக் கூப்பிட ஆயிரம் பேர் இருக்கலாம். யோவ் என்று கூப்பிட இந்த வயதில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அந்த யோவைப் பல் டாக்டருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. பந்து நேராகப் போகும். இது சத்தியம். ஞாயிறு காலை நானே முதலில் நிற்பேன்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசி. தங்கள் முழங்காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்பு.

இப்படிக்கு,
தங்கள் ஜோடி ஆட்டக்காரன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன், எதற்கும் ஒரு முறை இருக்கட்டும் என்று இன்று காலை கிளப் மைதானத்தில் திரையில்லாமல் அடித்துப் பார்த்தேன். பந்து என் திரை தொங்கும் தூரம் வரை நேராகத்தான் போனது. அதற்கப்புறம், வீட்டில் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்ததைப் போல வலப்பக்கம் திரும்பிப் போய்க் குளத்தில் விழுந்தது. அடுத்ததும் அங்கேதான். அதற்கடுத்ததும். கோச் சிரித்துவிட்டு, "திரைய மூக்குக்கு முன்னால கட்டிட்டீங்க, பந்து வளையறதுக்கு எங்க சார் இடம்? ஆனா ஒண்ணு, எல்லாம் ஒரே இடத்துலதான் விழுது" என்றார். ஆகவே நேராகப் போகும் என்று மேலே எழுதியதை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். இதற்காகப் பின்வாங்குகிறவன் நானல்ல. ஞாயிற்றுக்கிழமை நான் இடப்பக்கம் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துத் திரும்பி நின்று அடிக்கப்போகிறேன், பந்து வளைந்து வந்து மைதானத்தின் நடுவில் விழும். யாராவது திருத்த வந்தால் தடுத்துவிடுங்கள். அன்றைக்கென்று பார்த்துப் பந்து நேராகப் போய்த் தொலைத்தாலும் தொலைக்கும், எனவே தாங்கள் தயவுசெய்து பஸ்ஸில் வரவும்.