நீலப் பாம்பு காட்டும் கண்ணாடி

காலை எட்டு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. மண்டபத்துக்குள் ஞானக்கண்ணர் இருந்தார். போன வருஷம் வரை கைபேசி பழுதுபார்த்தவர்; இப்போது தலைவிதியைப் பழுதுபார்க்கிறார்.

ஆயுதம் ஒரு கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால், அவர் கழுத்தில் ஒரு நீலப் பாம்பு சுற்றியிருக்கும். கழற்றினால் பாம்பு இல்லை. அவரிடம் மந்திரித்த தகடு வாங்கிக் கட்டினால் பாம்பு இளைக்கும். மாத்திரை விழுங்கினால் அதற்குக் கோபம் வருமாம். அரை மணிக்கொரு தரம் "சக்தி இறங்கிடுச்சு" என்று அவர் உள்ளே போவார். அங்கே சுவரோரம் கண்ணாடி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்.

தையற்கடை அக்காவுக்கு ரத்தக் கொதிப்பு. பாம்பைக் கண்ட நாள் முதல் மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் மயங்கித் தையல் இயந்திரத்தின் மேலேயே சாய்ந்தாள். ஊசி விரலில் ஏறிவிட்டது.

அவள் தங்கைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்:

"அக்கா, அந்த மாதிரிக் கண்ணாடி எங்க கடையிலயும் இருக்கு. எந்த ஃபிரேம் மூஞ்சிக்குப் பொருந்தும்னு அதுலதான் காட்டுறோம். இல்லாத ஃபிரேமை ஒட்டிக் காட்டுற மாதிரி அவன் பாம்பை ஒட்டுறான்."

"நீ படிச்ச திமிர்ல பேசுற. நான் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்டி."

"சரி, நாளைக்கு ஒருத்தங்களைக் கூட்டிட்டு வரேன். நீயே கண்ணாடியைப் போட்டுப் பாரு."

மறுநாள் தங்கை சக்கர நாற்காலியில் ஒரு மூதாட்டியை மண்டபத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். கண்வரை இழுத்துவிட்ட முக்காடு, மடியில் போர்வை. பேச்சுமூச்சு இல்லை.

"வாய் பேச மாட்டாங்க சாமி," என்றாள் தங்கை, பணிவாக. அதில் பொய் ஒன்றுமில்லை.

ஞானக்கண்ணர் கண்ணாடியை அக்காவுக்கு மாட்டிவிட்டுத் தம் கைபேசியைத் தடவினார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, என் பாம்பைவிடப் பெருசா இருக்கே."

"இருபது வருஷச் சாபம்மா. புருஷன் வழியில வந்தது. ராத்திரியில அழுவாங்களே?"

"தெரியல சாமி. நீங்களே கேட்டுப் பாருங்க."

தங்கை முக்காட்டை இழுத்தாள். முக்காட்டோடு தலையும் கையோடு வந்தது. மர நிறத்தில் வழவழவென்று ஒரு பிளாஸ்டிக் தலை.

அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாற்காலியை உற்றுப் பார்த்தாள். முக்காடு விலகித் தெரிந்த ரவிக்கை அவளே தைத்து மாட்டிவைத்தது. அவள் தையற்கடை வாசலில் வைக்கும் அரையுடல் பொம்மை.

"இதுக்குப் புருஷன் யாரு சாமி?" என்றாள் மெதுவாக.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரிக்க, சிரிப்பு வாசல் வரை ஓடியது.

ஞானக்கண்ணர் தொண்டையைச் செருமினார். "சிலைக்கும் ஜீவன் உண்டு..."

"மூஞ்சி மாதிரி எது தெரிஞ்சாலும் பாம்பு சுத்தும்," என்று தங்கை கண்ணாடியை வரிசையில் முதலில் நின்றவரிடம் கொடுத்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த ஞானக்கண்ணரின் படத்தைப் பார்த்தார். படத்திலிருந்த சாமி கழுத்திலும் அதே பாம்பு, அதே சீற்றம். அடுத்தவர் பிடுங்கிப் பார்த்தார். அதற்கடுத்தவர் பார்ப்பதற்குள் ஞானக்கண்ணர் பின்கதவு வழியாகக் கிளம்பியிருந்தார். செருப்பைக்கூடப் போடவில்லை.

அக்கா அங்கேயே தண்ணீர் வாங்கி, தங்கை நீட்டிய மாத்திரையை விழுங்கினாள். முகம் சிவந்திருந்தது; தங்கையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கூட்டம் கலையவில்லை. ஒரு பெரியவர் தங்கையிடம் வந்து கைகூப்பினார். "தாயே, இனிமே நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

தங்கை பொம்மைத் தலையை அவர் கையில் வைத்தாள்.

"இந்த மாதிரி ஒண்ணைத்தான் எல்லாரும் கழுத்துக்கு மேல வச்சிருக்கீங்கன்னு நம்பி ஐயா அவன் கடை போட்டான்."