ஃபங்ஷன் புரோகிராமும் மெர்டேக்கா அண்ணனும்

மலாக்காவில் எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் என் கையால் அடி வாங்கியிருக்க வேண்டியவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் முதல் இடம் மெர்டேக்கா அண்ணனுக்கு. இரண்டாவது, மூன்றாவது இடங்களும் அவருக்கே. காஜா பெராங் என்றால் மலாயில் கோபம் பிடித்த யானை. அந்தப் பெயரை எனக்காகவே வைத்தார்கள் என்று என் முதலாளி சொல்லுவார். சொல்லட்டும். அந்தப் பத்து நாள் என் இடத்தில் யார் இருந்திருந்தாலும் தும்பிக்கை முளைத்திருக்கும்.

அண்ணன் நாடு சுதந்திரம் அடைந்த அதே வருஷம் பிறந்தவர். அப்பா ஆசையாக ஏதோ முருகன் பெயர் வைத்தாராம். தெருவில் ஒருவருக்கும் அது ஞாபகமில்லை. மெர்டேக்கா என்றால் சுதந்திரம் என்பதால் அதுவே பெயராகிவிட்டது. பெயருக்கு ஏற்றபடி யார் சொல்லையும் கேட்கமாட்டார். செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர், "இந்த மெஷின் ஏன் இப்படி ஓடணும்?" என்று மேலதிகாரியைக் கேட்டுக் கேட்டே வேலையை விட்டு வந்தார். பிறகு கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன் என்று மோட்டார் சைக்கிளில் சுற்ற ஆரம்பித்தார். நாற்பதை நெருங்கும் வயது, கல்யாணம் ஆகவில்லை, கக்கத்தில் எந்நேரமும் ஒரு தடித்த புத்தகம்.

அந்தப் புத்தகம்தான் எல்லா வினைக்கும் காரணம். புரோகிராம் எழுதும் ஒரு முறை அதில் இருந்தது. ஃபங்ஷனல் புரோகிராமிங் என்று பெயர். அதன் முதல் சட்டம் இது: ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான், அதை மாற்றக் கூடாது. வேறு வேண்டுமென்றால் புதிதாக ஒன்று செய்துகொள்ள வேண்டும். இதை அவர் கம்ப்யூட்டரோடு நிறுத்தியிருந்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்திருக்காது. மனுஷன் அப்படியே வாழ ஆரம்பித்துவிட்டார்.

சாப்பாட்டுக் கடையில் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், கேட்பார். வாயில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்.

"சீனி கம்மியாண்ணே? கொஞ்சம் போடவா?"

"இதுல கை வைக்காதலா. சீனி கூடப் போட்ட தே ஓ வேற ஒண்ணு கொண்டா."

பழைய கிளாஸ் மேசையிலேயே இருக்கும். இரண்டாவதில் சீனி கூடிப்போனால் மூன்றாவது வரும். அவர் எழுந்து போகும்போது மேசையைப் பார்த்தால் ஒரு குடும்பமே உட்கார்ந்து குடித்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். தபால் நிலையத்தில் படிவம் நிரப்பும்போது ஒரு எழுத்து தப்பாய்ப் போனால் அடித்துத் திருத்தமாட்டார்; வேறு பாரம் கேட்பார். அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதுமே கவுண்டர் பெண் பாரக் கட்டை எடுத்து மேசைக்கு அடியில் ஒளித்துவிடுவாள்.

இப்படிப்பட்டவரைத்தான் நான் என் முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஆமாம், நான்தான். ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது நான் காஜா பெராங்கில் ஒரு கார்டு கடையில் வேலை செய்தேன். கல்யாணம், காதுகுத்து, புதுமனை, கருமாதி எல்லாவற்றுக்கும் அழைப்பு அடிப்போம். பரம்பரையாக மலாய் பேசும் கம்போங் செட்டிக்காரர்கள் மலாயில் அடிப்பார்கள், மற்றவர்கள் தமிழில். கடைக்கு முதல் முறையாக ஒரு புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. முதலாளி அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார், எலுமிச்சம்பழம் நசுக்கினார், அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியாமல் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மெர்டேக்கா அண்ணன் வந்து பெட்டியைத் திறந்தார்.

"தம்பி, இதுக்குள்ள என்னா போடப் போற?"

"ஃபங்ஷனல் புரோகிராமிங் போடுறேன் முதலாளி."

முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. "ஃபங்ஷன் புரோகிராமா? அட, நம்மளுக்கு அதுதானப்பா வேணும்! கல்யாணம், சடங்கு, அறுபதாங் கல்யாணம், எல்லா ஃபங்ஷனுக்கும் புரோகிராம் அடிக்கலாமா?"

"எந்த ஃபங்ஷன் வேணும்னாலும் எழுதலாம். இந்தப் பக்கம் குடுத்தா அந்தப் பக்கம் வரும்."

"சாப்பாட்டு ஐட்டம்கூடப் போடலாமா?"

"எது குடுத்தாலும் வாங்கிக்கும் முதலாளி."

இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். முதலாளி சொன்ன ஃபங்ஷன் விசேஷம், அண்ணன் சொன்ன ஃபங்ஷன் கம்ப்யூட்டர் கணக்கு; ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் புரியவில்லை என்பது நடுவில் நின்ற எனக்கும் புரியவில்லை. புரிந்திருந்தால் அப்போதே பெட்டியை மூடி, வந்த லாரியிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பீர்கள். அந்தக் கம்ப்யூட்டரில் அடிக்கப்போகிற முதல் கார்டு என் கல்யாணக் கார்டு. முதலாளியின் அன்பளிப்பு. எனக்கு அது இரண்டாவது நிச்சயதார்த்தம். முதல் நிச்சயம், "தேதியை அப்புறம் பாத்துக்கலாம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்ன ஒரே வார்த்தையில் முடிந்துபோனது. அந்த அப்புறம் வரவேயில்லை. இப்போது சிரம்பானிலிருந்து வருங்கால மாமியார் போனில் சொல்லியிருந்தார்: "அடுத்த வெள்ளிக்கெழம கார்டு என் கையில இருக்கணும்மா. இல்லாட்டி தேதியை அப்புறம் பாத்துக்கலாம்."

கையில் பத்து நாள் இருந்தது. நல்ல கம்ப்யூட்டர்காரன் என்றால் அரை நாளில் முடிக்கிற வேலை.

முதல் நாள் மெர்டேக்கா அண்ணன் பதினான்கு பிளாப்பி டிஸ்க்கைக் கொண்டுவந்து ஒன்று ஒன்றாகப் போட்டார். ஒன்பதாவது கெட்டுப்போயிருந்தது. பண்டார் ஹிலிரில் அவர் நண்பரின் கடையில் இண்டர்நெட் இருந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அதை இறக்கிக்கொண்டு வந்தார். திரும்பி வந்தால் பதினொன்றாவதும் கெட்டது. மறுபடி பண்டார் ஹிலிர். மூன்றாம் நாள்தான் அவருடைய மொழி கம்ப்யூட்டருக்குள் குடிபுகுந்தது.

"முடிஞ்சிச்சாண்ணே?" என்றேன்.

"மொழி வந்துருச்சி தங்கச்சி. படம் வரைய லைப்ரரிதான் இல்ல."

முதலாளி தலையை நீட்டினார். "லைப்ரரியா? டவுன்ல பெருசா ஒண்ணு இருக்கே. இவளை அனுப்பவா?"

"அது இல்ல முதலாளி. கோடு, வட்டமெல்லாம் வரையறதுக்கு யாரோ முன்னாடியே எழுதி வெச்ச புரோகிராம் கட்டு. அதுக்குப் பேருதான் லைப்ரரி."

அந்தக் கட்டைக் கொண்டுவந்தார். அது உள்ளே வர மறுத்தது. அதற்கு முன்னால் இன்னொரு லைப்ரரி வர வேண்டுமாம். அதைக் கொண்டுவந்தால், அதற்கு மூன்றாவது ஒன்றின் பழைய பதிப்பு வேண்டுமாம். படம் வரையும் கட்டுக்கோ அதே மூன்றாவதின் புதிய பதிப்புதான் வேண்டும். எனக்குத் தலை சுற்றியது. முதலாளிக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது.

"நம்ம ஆளுங்க மாதிரிலா. மாமனுக்குச் சொல்லாம மச்சான் வரமாட்டான். மச்சான் வந்துட்டான்னா மாமன் வரமாட்டான்."

"அதேதான் முதலாளி!" என்று மெர்டேக்கா அண்ணன் குதித்தார். இரண்டு பேரும் மறுபடி கை குலுக்கிக்கொண்டார்கள். எனக்கு இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டி மலாக்கா ஆற்றில் போடலாம் போலிருந்தது.

ஆறாம் நாள் நான் கத்தியே விட்டேன். "எதுத்த கடையில ரெடிமேட் புரோகிராம் ஒண்ணைப் போட்டு அரை நாள்ல கார்டு அடிச்சிக் குடுக்குறாங்கண்ணே! நமக்கு மட்டும் என்னா கேடு?"

"அது அழிச்சி அழிச்சி எழுதுற புரோகிராம் தங்கச்சி. ஒரு கார்டு மேலயே அடுத்த கார்டை எழுதும். ஒருத்தர் பேரு இன்னொருத்தருக்குப் போயிரும். நம்மளுது அப்படி இல்ல. எதையும் அழிக்காது."

"என் கல்யாணத்த அழிச்சிரும்ணே!"

மேசைமேல் இருந்த ஸ்டேப்ளரைக் கையில் எடுத்தேன். எறியவில்லை. எடுத்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

எட்டாம் நாள், புதன்கிழமை காலை, உள்ளேயிருந்து ஒரு கூச்சல். "தங்கச்சி, ஓடி வா! முதலாளி! வந்துருச்சி!" முதலாளி சூடத்தட்டோடு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். திரையில் ஒரு வட்டம். ஒரே ஒரு வட்டம். எட்டு நாளைக்கு ஒரு வட்டம்.

"பொட்டு மாதிரி இருக்கு. மங்களகரமாத்தான் இருக்கு" என்றார் முதலாளி. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இனிமே ஒண்ணுமில்ல தங்கச்சி" என்றார் மெர்டேக்கா அண்ணன். "கார்டு யார் யாருக்குன்னு லிஸ்ட்டு எழுதிக் குடு. அது போதும்."

கவுண்டரில் உட்கார்ந்து எழுதினேன். இருநூறு பேர். அவர் என் எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயரை நான் எழுதவில்லை. மறதி ஒன்றும் இல்லை. இந்த ஆள் என் கல்யாணத்துக்கு வந்து பாயாசம் குடிக்க வேண்டாம் என்று நினைத்துத்தான் பேனாவை மூடினேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"அப்புறம் மாத்தச் சொல்லமாட்டியே?"

"மாட்டேன்."

சொல்லி வாய் மூடவில்லை, தப்பு கண்ணில் பட்டது. மாமியார் பெயர் அன்னலெட்சுமி. அவசரத்தில் இரண்டு சுழி போட வேண்டிய இடத்தில் மூன்று சுழி போட்டிருந்தேன். அந்த அம்மாள் அதைப் பார்த்தால் தேதியென்ன, மாப்பிள்ளையே அப்புறம்தான். "ஒரு சுழியை அடிச்சிருங்கண்ணே" என்றேன். அவர் ஒரு புதுத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். இருநூறு பெயரையும் முதலிலிருந்து எழுத வைத்தார் அந்தப் பாவி. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். கடைசி வரிக்கு வந்தபோது அவரை நிமிர்ந்து ஒரு முறை பார்த்தேன். அவரும் பார்த்தார். இரண்டாவது முறையும் அவர் பெயரை எழுதவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. முதல் கார்டு வந்தது. ஓரத்தைச் சுற்றிலும் கொடியும் புள்ளியுமாக ஒரு கோலம். இரண்டாவது வந்தது. அதில் வேறு கோலம். மூன்றாவதில் வேறு.

"என்னாண்ணே, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல? கெட்டுப் போச்சா?"

"கெடலம்மா. பேருதான் உள்ள போகுது. அந்தப் பேருல இருக்கிற எழுத்தை வெச்சே அது கோலம் போடுது. பேரு வேறன்னா கோலமும் வேற."

"யாருண்ணே உங்களக் கேட்டா?" என்று மறுபடி கத்தினேன். ஒரு கார்டுக்கு மூன்று நிமிஷம். இடத்தை விட்டு நகராமல் முதலாளி தாள் போட, நான் மடிக்க, மாலை ஆறு மணிக்குக் கடைசிக் கார்டு வந்து விழுந்தது. அவரிடம் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் கார்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு அப்பாவோடு சிரம்பானுக்குப் பஸ் ஏறினேன். மாமியார் தன் கார்டை வாங்கினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரைப் படித்தார். இரண்டு சுழி சரியாக இருந்தது. பிறகு ஓரத்தைப் பார்த்தார்.

"எனக்கு மட்டும் தனி டிசைனாம்மா?"

"எல்லாருக்கும் தனித்தனிதான் அத்தே. அவங்கவங்க பேருக்கு வரைஞ்சது."

அவர் நம்பவில்லை. கட்டைப் பிரித்து ஒவ்வொரு கார்டாக எடுத்துப் பார்த்தார். அரை மணி நேரம். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தன கல்யாணம் பாத்துட்டேன். என் பேருக்குன்னு ஒரு கோலம் எவனும் போட்டுக் குடுத்ததில்ல. தேதி அப்படியே இருக்கட்டும்மா." தன் கார்டைத் தனியாக எடுத்து வைத்தபடி கேட்டார்: "இத வரைஞ்ச ஆளு கல்யாணத்துக்கு வருவாருல்ல? நான் பாக்கணும்."

"வருவாரு அத்தே" என்றேன்.

வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். தெருவே வருகிறது, கார்டு இல்லாவிட்டால் என்ன, முதலாளியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுவார் என்று விட்டுவிட்டேன். போய் ஒரு வார்த்தை சொல்ல என் வறட்டுக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கல்யாணத்தன்று இருநூறு பேரும் வந்தார்கள், கூடவே அழைக்காத முப்பது பேரும் வந்தார்கள். தாலி கட்டும்போது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எங்கம்மா அந்த ஆளு?" என்று மாமியார் மூன்று முறை கேட்டுவிட்டார்.

மறுவீட்டுக்கு மலாக்கா வந்த அன்று, கட்டிய பட்டுப்புடவையோடு கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யாருக்கோ காதுகுத்துக் கார்டு அடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் வரல?" என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"லிஸ்ட்டுல என் பேரு இல்லையே."

"கோவத்துல விட்டேன். உங்க கையிலதானே இருந்திச்சி? நீங்களே ஒரு வரி சேத்திருந்தா என்னா?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "உன் லிஸ்ட்டும்மா அது. நான் எப்படி கை வைக்கிறது? ரெண்டு தடவ எழுதின. ரெண்டு தடவையும் இல்ல."

கோபித்துக்கொண்டு சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். நடந்ததை அப்படியே சொன்னார், அவ்வளவுதான். வாழ்க்கையில் முதல் முறையாக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. கவுண்டரிலிருந்து ஒரு தாளை எடுத்து அதில் ஒரே ஒரு பெயரை எழுதி அவரிடம் நீட்டினேன்.

"இந்தாங்க. புது லிஸ்ட்டு."

"கல்யாணம் முடிஞ்சி போச்சே தங்கச்சி."

"அடிங்கண்ணே, பேசாம."

மூன்று நிமிஷம் இரண்டு பேரும் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கார்டு வந்தது. நான் எடுத்து மடித்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையாலும் கொடுத்தேன். "அவசியம் வந்துடணும்ணே" என்றேன். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.

"வரேன்லா, இதுக்கெல்லாம் அழுவாங்களா" என்று சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் இலை போட்டு அவருக்கு நான்தான் பரிமாறினேன். கூடப் பிறந்த அண்ணனுக்குக்கூட நான் அப்படிப் பரிமாறியதில்லை.