புதுச் செருப்பும் இடுப்பளவுத் தண்ணீரும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. உன் கடிதம் கிடைத்து விவரங்கள் யாவும் அறிந்தேன். அத்தானும் அவருடைய கடிகாரக் கடையும் அமோகமாக இருப்பதில் மிக்க மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுமுன், வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேற்று மாலை பேன்ட், பெல்ட், ஷூ சகிதமாக, ஒன்பது பெண்கள் வேடிக்கை பார்க்க, இடுப்பளவுத் தண்ணீரில் நான் மூழ்கிக்கொண்டிருந்தேன். காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியவள் என் வீட்டுக்காரி.

நடந்தது இதுதான். ஒரு மாதமாகச் செவ்வாயும் வெள்ளியும் அவள் ஒரு பையோடு எங்கோ போய்வருகிறாள் என்று எதிர்வீட்டுத் தையற்காரம்மா என் காதில் போட்டார். கேட்டால் "சும்மா" என்கிறாள். போன வாரம் போனில் தணிந்த குரலில், "இன்னும் எத்தனை நாள்னு சொல்லிடுங்க. வீட்ல சொல்லலை, அவர் தாங்கமாட்டார்" என்றாள். டாக்டரோடுதான் பேசுகிறாள், ஏதோ பெரிய வியாதி என்று நானே முடிவுகட்டி, என் சாக்ஸ் எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத நான் மிச்ச காலத்தை எப்படி ஓட்டப்போகிறேன் என்று என் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன். அந்தக் கலக்கத்தில் ஒருவருக்கு வலது கண்ணாடியை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். மனிதர் வாசல் என்று நினைத்து என் அலமாரிக்குள் நுழையப் பார்த்தார்.

நேற்று கடையைப் பூட்டிவிட்டு, குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. தெருவே என்னைத்தான் பார்த்தது. அவள் ஒரு கட்டிடத்துக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவிடுக்கில் பார்த்தால் நீச்சல் குளம்! தலையில் ரப்பர் தொப்பியோடு தண்ணீரில் இவள்! இவளுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்பது ஊரறிந்த விஷயம். ஊருக்குச் சொன்னவனே நான்தானே? கல்யாணமான புதிதில் ஏரியில் படகில் ஏறமாட்டேன் என்றாளே, அன்றிலிருந்து இருபத்தாறு வருஷமாகச் சொல்லிவருகிறேன். அப்படிப்பட்டவளின் தலை உள்ளே போனது. எண்ணினேன். பதினைந்தாகியும் வெளியே வரவில்லை. குதித்தேன் என்று எழுத ஆசைதான்; வழுக்கி விழுந்தேன்.

"காலை ஊனுங்க! இடுப்பளவுதான்!"

"நீ... முழுகிட்டியே!"

"மூச்சடக்கிப் பழகுறேங்க. இன்னிக்கு நாப்பது எண்ணியிருப்பேன், கெடுத்துட்டீங்க!"

"உனக்குத் தண்ணின்னா பயமாச்சே! படகுல ஏறமாட்டேன்னியே!"

"அன்னிக்குப் புதுச் செருப்பு. நனைஞ்சிடும்னு ஏறலை. ஏன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

"அப்ப போன்ல எத்தனை நாள்னு கேட்டது?"

"ஆழத்துல விட எத்தனை நாளாகும்னு பயிற்சியம்மாகிட்ட கேட்டேன். நீங்க தாங்கமாட்டீங்கன்னும் சொன்னேன். இதோ, தாங்கலை."

வியாதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை! நான் அழுதேன் அக்கா. ஏற்கெனவே நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஷூ சளக் சளக்கென்று சத்தம் போட வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள்: "கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம், கண்ணு மாறிக்கிட்டே இருக்கும், வருஷத்துக்கு ஒருதடவை காட்டுங்கன்னு சொல்றீங்களே, என்னைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. இன்று காலையிலிருந்து விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன். பச்சை நிறம் அவளுக்கு ஆகவே ஆகாதாம். இருபத்தாறு பிறந்தநாளுக்கும் பச்சைதான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்! இன்னும் என்னென்ன இருக்கிறதோ, கேட்கக் கேட்கப் புதுப்பெண்டாட்டி மாதிரி இருக்கிறாள். சின்னவன் சொல்கிறேன் என்று நினைக்காதே: நீயும் அத்தானை அடிக்கடி விசாரி. நம்ம மனுஷர்தானே என்று அசட்டையாக இருந்துவிடாதே.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
காதில் புகுந்த தண்ணீர் இன்னும் வெளியே வராத,
உன் தம்பி.

பி.கு.: இதை வாங்கிப் படித்த வீட்டுக்காரி, அத்தான் கடையை மூடி இரண்டு வருஷமாகிறது, இப்போது டிரம்ஸ் கற்றுக்கொள்கிறார் என்கிறாள். உன் கடிதத்திலும் அதுதான் எழுதியிருக்கிறதாம். இப்போதுதான் உறையைப் பிரித்தாள்.